நோட்டுல ஆயிரம்னு இருந்தா கைல வாங்காதீங்க தம்பி

கானா தலைநகர் அக்ராவுல கணக்கு எழுதுற வேலை பாக்குறேன். ஊர்ல இருந்து புதுசா வர்ற தம்பிங்ககிட்ட இத சொல்லி சொல்லி வாய் வலிக்குது, இந்த மாசம் மட்டும் மூணாவது ஆளு. ரோட்டுல நின்னவன்கிட்ட 200 டாலர் குடுத்து மாத்திருக்கார். கட்டுல மேல ரெண்டு புது நோட்டு, உள்ள பூரா 10,000, 20,000னு அடிச்ச பழைய சீடி (கானா பணத்துக்கு அதான் பேரு), ஓரமெல்லாம் நைஞ்சு துணி மாதிரி கெடக்கு. "அண்ணே, பெரிய நோட்டாச்சே"ங்குறார். என்னத்த சொல்ல.

2007 ஜூலை 1ல நாலு சைபர எடுத்துட்டாங்க. பழைய 10,000 சீடி, புது 1 சீடி. அந்த 20,000 நோட்டு செல்லுபடியா இருந்த காலத்துக்கே ரெண்டு சீடிதான், இப்ப கடைல யாரும் வாங்க மாட்டாங்க.

உடனே "அப்ப ஜனங்க காசெல்லாம் ஒரே ராத்திரில போச்சா"ன்னு கேப்பாங்க. இல்லப்பா! 10,000க்கு வித்த ரொட்டி 1 சீடி ஆச்சு, 50 லட்சம் சம்பளம் 500 ஆச்சு, கடனும் அதே மாதிரி சுருங்குச்சு, யாருக்கும் லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல. கானா மத்திய வங்கி அப்ப ஊரெல்லாம் பண்ண விளம்பரமே "மதிப்பு அதேதான்"னுதான். மாத்துன புதுசுல ஒரு சீடி ஒரு டாலருக்கும் கொஞ்சம் மேல நின்னுச்சு, அத வச்சு நாடே பணக்கார நாடாயிடுச்சுன்னு பேசுறதும் தப்பு, அப்புறம் சரிஞ்சதுக்கு சைபர் எடுத்ததுதான் காரணம்னு சொல்றதும் தப்பு.

சீடிங்கறதே அக்கான் மொழில சோழி, ஒரு காலத்துல இங்க சோழிதான் காசு. 1965ல பவுண்ட விட்டுட்டு அப்ப ஜனாதிபதியா இருந்த நுக்ருமா படத்தோட சீடி வந்துச்சு, 66ல அவர் ஆட்சிய கவுத்தாங்க, 67லயே அவர் படம் இல்லாத புது சீடி அடிச்சுட்டாங்க.

மார்க்கெட்ல இன்னும் பழைய கணக்குலயே பேசுவாங்க, அதான் பெரிய தொல்லை. அக்ராவோட மக்கோலா மார்க்கெட்ல துணி விக்கிற அம்மா "டூ மில்லியன்"னா 200 சீடி. போன வாரம் ஒரு தம்பி லோடு எறக்குன கூலி 300,000னு கேஷ் புக்ல எழுதி வச்சிருக்கு, குடுத்தது 30 சீடி! காதுல விழுந்தத அப்படியே எழுதாதீங்க, கைல இருந்து போனத எண்ணி எழுதுங்க.

நோட்டுல கானா சுதந்திரத்துக்குப் போராடுன ஆறு தலைவருங்க படம் இருக்குன்னு நம்பிடாதீங்க, பழைய 10,000லயும் அதே ஆறு பேர்தான். நம்பரப் பாருங்க. 1, 2, 5, 10, 20, 50, அப்புறம் 2019ல வந்த 100, 200. அதுக்கு மேல நோட்டே கெடையாது. பேங்க்லயோ லைசென்ஸ் வச்ச கவுன்டர்லயோ மட்டும் மாத்துங்க, ரசீது கேளுங்க, கட்டப் பிரிச்சு ஒவ்வொரு தாளா அங்கயே எண்ணுங்க. பின்னாடி க்யூ நின்னா நிக்கட்டும். சந்தேகமா இருந்தா காச குடுக்குறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க தம்பி, ராத்திரியானாலும் எடுப்பேன்.