யுரேகா எந்தக் காலம்?

குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஆர்க்கிமிடீஸ் தெருவில் ஓடினாரா என்பது ஐயத்துக்குரியது. அவர் கத்தியதாகச் சொல்லப்படும் சொல்லின் இலக்கணத்தில் ஐயமே இல்லை. 'யுரேகா'வை நாம் 'கண்டுபிடித்தேன்' என்கிறோம். அதற்குப் பண்டைக் கிரேக்கத்தில் 'ஹெயுரோன்' என்ற வேறு வடிவம் இருக்கிறது. 'யுரேகா'வின் மூலக் கிரேக்க வடிவமான 'ஹெயுரேகா' என்றால், கண்டுபிடித்தாகிவிட்டது, விடை இதோ என் கையில் இருக்கிறது என்று பொருள்.

இதை நிறைவுக்காலம் எனலாம். செயல் எப்போது நடந்தது என்பதைவிட, அது விட்டுச்சென்ற நிலை இப்போதும் நீடிக்கிறது என்பதே இதன் அக்கறை. 'அபெத்தானே' என்றால் இறந்தான். அது ஒரு நிகழ்ச்சி. 'தெத்னேகே' என்றால் அவன் உயிரோடு இல்லை. அது ஒரு நிலை.

வடிவமும் எளிது. பல வினைகளில் முதல் மெய் எகரத்தோடு இரட்டிக்கும். 'கிராஃபோ' எழுதுகிறேன், 'எக்ராப்சா' எழுதினேன், 'கெக்ராஃபா' எழுதியிருக்கிறேன். புதிய ஏற்பாட்டில் அடிக்கடி வரும் 'கெக்ராப்தை' இதன் செயப்பாட்டு வடிவம். அதைத் தமிழ் விவிலியம் 'எழுதியிருக்கிறதே' என்று பெயர்த்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். நம் 'இரு' துணைவினை அதே வேலையைத்தான் செய்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் இன்னும் கூர்மையான இடம் ஒன்று உண்டு. கிறிஸ்து மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார் என்பவை சாதாரண இறந்தகாலம். எழுப்பப்பட்டார் என்பது மட்டும் நிறைவுக்காலம்: எழுந்தவர் இன்றும் உயிரோடிருக்கிறார். ஒரு வினைவடிவத்துக்குள் ஒரு நம்பிக்கையே அடங்கிவிட்டது.

இரட்டிக்காத விதிவிலக்கு 'ஓய்தா'. பார்த்தல் என்ற வேரிலிருந்து வந்த நிறைவுக்கால வடிவம்; பொருளோ 'அறிவேன்'. பார்த்தாகிவிட்டது, ஆகவே தெரியும். சமஸ்கிருதத்தில் இதன் உடன்பிறப்பு 'வேத', அதாவது அறிவேன், அறிவான். வேதம் என்ற சொல்லும் அந்த வேரில் பிறந்ததே.

நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இந்த நுட்பம் தேய்ந்தது. நிறைவுக்காலமும் சாதாரண இறந்தகாலமும் ஒன்றாகக் கலந்தன. இன்றைய கிரேக்கர்கள் நிறைவைச் சொல்ல, 'உடைமை' பொருள்தரும் 'எஹோ' என்ற துணைவினையைச் சேர்த்து 'எஹோ கிராப்சி' என்கிறார்கள். பழைய 'ஹெயுரேகா' தேய்ந்து 'வ்ரீகா' ஆகிவிட்டது. அதற்குப் பொருள் வெறும் 'கண்டுபிடித்தேன்'.