‘வெள்ளம் 100 டிகிரில் கோதிக்கும்’: தட்டச்சுப் பயிற்சியும் தொடக்கப்பள்ளி அறிவியலும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் நாலாம் வகுப்புக் குழந்தையிடம் “தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? அடித்துக் காட்டு” என்று கேட்டால், திரையில் இப்படி ஒரு வரி வருவதுண்டு: ‘வெள்ளம் 100 டிகிரில் கோதிக்கும்.’

இதில் மூன்று பிழைகள் இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை. ‘வெள்ளம்’ தெருவிலிருந்து வந்தது. மலையாளத்தில் அது குடிக்கிற தண்ணீர், தமிழில் கரை உடைத்து வருவது. ‘டிகிரில்’ பேச்சு வழக்கு. ‘கோதிக்கும்’ மட்டும்தான் விரலின் பிழை. இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் ‘ொ’ குறி எண் வரிசையின் இடக்கோடியில், 1-க்கும் இடப்பக்கம் இருக்கிறது. ‘ோ’ குறியோ ஆங்கில ‘ஏ’ (A) விசையில், இடக்கைச் சுண்டுவிரலுக்கு அடியிலேயே இருக்கிறது. சின்னக் கையின் சுண்டுவிரல் கோடி வரை எட்டாமல், பக்கத்தில் கிடைப்பதைத் தட்டிவிடுகிறது. மூன்றையும் ஒரே சிவப்பு மையில் சுழித்து ‘தப்பு’ என்று சொன்னால், எதைத் திருத்துவது என்று குழந்தைக்குத் தெரியாது. சொல்லைத் திருத்தச் சொல் சொல்லித்தர வேண்டும், விரலைத் திருத்த விசையைக் காட்ட வேண்டும்.

அறிவியல் பாடத்தைத் தட்டச்சோடு சேர்ப்பதில் கிடைக்கும் பெரிய லாபம் இந்தப் பிரித்தறிதல்தான். ஆனால் பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்து அடிக்கவிட்டால் அது கிடைக்காது. கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அதையே தட்டும், பொருள் நடுவில் எங்குமே நிற்காது. புத்தகத்தை மூடிவிட்டு, கேள்வியை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ‘சிலந்திக்கு எத்தனை கால்?’ குழந்தை விடையை முதலில் வாய்விட்டு முழு வாக்கியமாகச் சொல்லட்டும். ‘சிலந்திக்கு எட்டுக் கால்கள், அது பூச்சி இனம் அல்ல.’ பிறகு அடிக்கட்டும். அடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து தானே ஒப்பிடட்டும்.

அடிக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது, கை எங்கே நிற்கிறது என்பதை. ஒரு சொல் தொடங்கும் முன் நின்றால் பெரும்பாலும் பாடம் மறந்திருக்கிறது. சொல்லுக்கு நடுவில் நின்றால் விசை தெரியவில்லை. ‘நுரையீரல்’ என்று தொடங்கி ‘யீ’ வந்ததும் கண் விசைப்பலகையில் அலைந்தால் அந்தப் பிள்ளைக்கு அறிவியல் தெரியும், விரலுக்குத்தான் பழக்கம் போதவில்லை. இன்னொரு சோதனையும் உண்டு. ‘இலை’ என்பதை ‘இளை’ என்று அடித்திருந்தால் அதே சொல்லைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். தாளில் சரியாக வந்தால், தெரியாமல் ஷிப்ட் அழுந்தியிருக்கிறது, அவ்வளவுதான். இன்ஸ்கிரிப்டில் ‘ல’ கீழ் வரிசை ‘என்’ விசை, ஷிப்டோடு அதே விசை ‘ள’, அதற்கு இடப்பக்கத்து விசை ஷிப்டோடு ‘ழ’. மூன்று எழுத்தும் ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

ஷிப்டை எதிர்க்கையால் அழுத்தப் பழக்குவது முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். ‘ள’வும் ‘ற’வும் வலக்கை எழுத்துகள், அவற்றுக்கு இடப்பக்க ஷிப்ட். ‘ண’, ‘ன’, ‘ழ’ இடக்கை எழுத்துகள், அவற்றுக்கு வலப்பக்க ஷிப்ட். இரண்டையும் ஒரே கையால் எட்டிப்பிடிக்கப் பழகிய பிள்ளைக்கு மணிக்கட்டு திரும்பி, மற்ற விரல்கள் நடுவரிசையை விட்டு நழுவிவிடும். பிறகு அடுத்த நான்கு எழுத்தும் தப்பாக வரும்.

எந்த விசைப்பலகை என்பதில் எங்கள் கருத்து தெளிவானது. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 தமிழுக்கென்றே அமைந்தது. இரட்டிக்கும் எழுத்துக்கு அது தானே புள்ளி வைக்கும், ஷிப்டை நாட வேண்டியது குறைவு. ‘ஒளிச்சேர்க்கை’ என்று அடிக்கத் தமிழ்99-இல் 11 தட்டல், இன்ஸ்கிரிப்டில் 13. பொள்ளாச்சிப் பக்கம் படிக்கும் பிள்ளைக்கு யோசிக்காமல் தமிழ்99 சொல்லலாம். ஆனால் கேரளத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை மலையாளத்தையும் அடித்தாக வேண்டும். அங்கே பள்ளிக் கணினிகளில் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான ‘கைட்’ வழங்கும் லினக்ஸ் இயங்குதளம், மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்ட். இன்ஸ்கிரிப்டில் ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே விசை. ‘வேர்’ என்று தமிழில் அடிக்க பி, எஸ், ஜே, டி என நான்கு தட்டல். மொழியை மாற்றிவிட்டு அதே நான்கைத் தட்டினால் மலையாளத்திலும் வேர் வந்து நிற்கும். ‘மழை’ எழுதக் கடைசியில் ‘ை’க்கு ஒரு விசை கூடுதல், மலையாளத்து ‘மழ’வுக்கு அது வேண்டாம். ஒரு பயிற்சியில் இரண்டு மொழி கைக்கு வருவதை விட்டுவிடக் கூடாது. தொடக்கப்பள்ளி முடியும்வரை இரண்டு முறைகளையும் கலக்காதீர்கள்.

கைபேசியில் ஆங்கில எழுத்தில் ‘பழம்’ அடித்து, வரும் பட்டியலில் ஒன்றைத் தொடுவது தட்டச்சுப் பயிற்சி ஆகாது. அங்கே ல, ள, ழ வேறுபாட்டைத் தேர்ந்து கொடுப்பது இயந்திரம். பிள்ளை அதைக் கற்பதே இல்லை.

கையால் எழுதும்போது ‘கே’க்குக் கொம்பை முதலில் போடுகிறோம். தட்டும்போது ‘க’ முதலில், குறி பிறகு. இதை முதல் நாளே சொல்லாவிட்டால், திரையில் கொம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் தோன்றி, கணினி கெட்டுவிட்டது என்று பிள்ளை பயந்துபோகும். ‘ஔ’காரத்திலும் கவனம் தேவை. ‘பௌர்ணமி’யின் ‘பௌ’வுக்கு ஒரே குறி இருக்கிறது. ‘பெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ போட்டால் பார்வைக்கு அப்படியே இருக்கும், தேடினால் கிடைக்காது. லிப்ரே ஆபிஸில் அடிப்பதானால் எழுத்துப்பிழை காட்டும் சிவப்புக் கோட்டை நிறுத்திவிடுங்கள். அதன் அகராதியில் இல்லாத சரியான சொல்லுக்கும் கோடு விழும்.

இனி, பயிற்சிக்குக் கொடுக்கும் வாக்கியங்கள். விரலால் இருபது முறை அடித்தது எளிதில் மறக்காது. தப்பான தகவலும் அப்படித்தான். பழைய வினா-விடைப் புத்தகங்களில் இன்னும் ஒன்பது கோள்கள் இருக்கின்றன. 2006-க்குப் பிறகு புளூட்டோ குறுங்கோள், சூரியனுக்குக் கோள்கள் எட்டு. ‘மனித உடலில் 206 எலும்புகள்’ என்பதில் ‘வளர்ந்த’ என்ற சொல் இருக்க வேண்டும், பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300. பால்பற்கள் 20, நிலைப்பற்கள் 32. ‘தாவரங்கள் இரவில் மட்டும் சுவாசிக்கும்’ என்பது பிழை. அவை பகலும் இரவும் சுவாசிக்கின்றன, பகலில் கூடவே ஒளிச்சேர்க்கையும் செய்கின்றன. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிப்பது கடல்மட்டத்தில். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாற்றில் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். தேவிகுளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இந்த வரியை அவசியம் அடிக்க வேண்டும்.

ஊரிலிருந்தும் வாக்கியம் எடுங்கள். பாலக்காட்டுக் கணவாயில் காற்று வீசும் நாளில் கொடியில் போட்ட துணி சீக்கிரம் காய்கிறது. ‘காற்று வீசினால் நீர் வேகமாக ஆவியாகும்.’ பிள்ளை இந்த வரியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, வாசலில் பார்த்ததை அடிக்கிறது.

ஒரு அமர்வுக்கு 15 நிமிடம், ஐந்து வாக்கியம் போதும். முதல் 3 நிமிடம் நடுவரிசை எழுத்துகள் மட்டும். சுட்டுவிரல்கள் எஃப், ஜே விசைகளின் மேட்டைத் தடவிப் பார்த்து உட்கார வேண்டும். பாதம் தரையைத் தொடாத பிள்ளைக்குக் காலடியில் ஒரு பலகை போடுங்கள். வேகத்தை ஆங்கிலக் கணக்கில் அளக்காதீர்கள். அந்தக் கணக்கில் ஐந்து தட்டல் ஒரு சொல், நம் ‘ஒளிச்சேர்க்கை’ ஒன்றே ஏறக்குறைய மூன்று சொல்லாகிவிடும். பிழையில்லாத வாக்கியம் எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். தப்பிய வாக்கியம் மறுநாளும், சரியாக வந்தது ஒரு வாரம் கழித்தும் திரும்ப வரட்டும்.

வீட்டில் கணினி இல்லையென்றால், ஒரு கெட்டி அட்டையில் விசைப்பலகையை அசல் அளவில் வரைந்து கொடுங்கள். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 19 மில்லிமீட்டர். எஃப், ஜே கட்டங்களில் ஒரு சொட்டுப் பசை வைத்துக் காயவிட்டால் மேடு கிடைக்கும். பிள்ளை எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அதன் மேல் தட்டிப் பழகலாம். பள்ளியில் கணினி முன் உட்காரும்போது விரலுக்கு வழி தெரிந்திருக்கும்.