வேலை நின்றபின் மனதுக்கு நேர்வது

பணி ஓய்வு பெற்ற ஒருவரை மனைவியோ மகளோ ஆலோசனைக்கு அழைத்து வரும்போது, அவர்கள் முதலில் சொல்லும் குறை பெரும்பாலும் தூக்கமின்மையாகவோ காரணமற்ற கோபமாகவோ இருக்கிறது. ஓய்வூதியம் மாதந்தோறும் வருகிறது, வீட்டுக்கடன் அடைந்துவிட்டது, பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள், "இதற்குமேல் இவருக்கு என்னதான் குறை?" என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். மனநல ஆலோசகராக இந்தக் கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். சம்பளத்தோடு சேர்த்து வேலை அவருக்கு வேறு சிலவற்றையும் நாள்தோறும் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதும், அவையும் ஒரே நாளில் நின்றுபோயின என்பதும் வீட்டாருக்கு மட்டுமல்ல, அவருக்குமே தெரிவதில்லை.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குத் தென்கிழக்கே உள்ள மரியன்தால் என்னும் சிற்றூரில் நடந்த ஆய்வு. ஊர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது அந்த ஆலை மூடப்பட்டது. சமூக ஆய்வாளர்களான மரீ யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோரின் குழு 1931-32இல் அங்கே சென்று, மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதிலிருந்து எப்படி நடக்கிறார்கள் என்பதுவரை பதிவு செய்து, 1933இல் நூலாக வெளியிட்டது. வேலை இல்லாததால் நேரம் மிஞ்சியிருந்தது. நூலகத்தில் இரவல் கட்டணம்கூட நீக்கப்பட்டிருந்தது. ஆயினும் இரவல் வாங்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துபோனது. தெருவில் நடப்போரைக் கவனித்துக் குறித்தபோது, ஆண்கள் அடிக்கடி நின்று நின்று நடந்ததும் பெண்கள் அவர்களைவிட விரைவாக நடந்ததும் தெரியவந்தது. முந்தைய நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று கேட்டால், எழுந்ததையும் உண்டதையும் உறங்கியதையும் தவிர ஆண்களால் அதிகம் சொல்ல முடியவில்லை.

பெண்கள் விரைந்து நடந்ததற்குக் காரணம், சமையலும் துணி துவைப்பதும் குழந்தைகளும் அவர்களுடைய நாளுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்துக்கொண்டிருந்ததுதான். அப்படியிருந்தும், ஆலை வேலையோடு வீட்டு வேலையையும் சுமந்த பழைய நாட்களுக்கே திரும்ப விரும்புவதாக அவர்களில் பலர் கூறினர். பணம் மட்டும் அதற்குக் காரணமன்று. திருமணத்துக்குப் பிறகோ பிரசவத்துக்குப் பிறகோ வேலையை விட்ட பெண்கள் என்னிடம் சொல்வதும் இதையேதான். "வீட்டிலேயே இவ்வளவு வேலை கிடக்கிறதே, இன்னும் எதற்கு வெளியே போக வேண்டும்?" என்று அவர்களைக் கேட்பவர்கள், அந்தப் பெண்கள் எதை இழந்தார்கள் என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

யஹோடா பின்னாளில் அந்த இழப்புகளை வகைப்படுத்தினார். வேலை நாளைப் பகுத்துக் கொடுக்கிறது. குடும்பத்துக்கு வெளியே மனிதர்களைச் சந்திக்க வைக்கிறது. தனியொருவரால் ஆகாத ஒன்றில் பங்கு தருகிறது. ஊரில் ஓர் இடத்தையும் அடையாளத்தையும் தருகிறது. மனம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உடலை இயங்க வைக்கிறது. என் அனுபவத்தில், முதலில் வலிப்பது அடையாளமே. நேற்றுவரை "கண்காணிப்பாளர் சார்" என்று அழைக்கப்பட்டவர், இன்று ஒரு விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று தயங்குகிறார்.

வேலையில் இருப்பவர்களின் சோர்வுக்கும் இதே வேர்கள் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைபேசி வழியாக நன்கொடை திரட்டுவோர், அந்நன்கொடையால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் சந்தித்துப் பேசினர். ஒரு மாதத்துக்குப் பின் அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரமும் திரட்டிய தொகையும் இரு மடங்குக்குமேல் உயர்ந்திருந்தன என்பதை உளவியலாளர் ஆடம் கிராண்ட் குழுவினர் 2007இல் வெளியிட்டனர். மருத்துவமனை ஆய்வகத்தில் நாள் முழுவதும் இரத்த மாதிரிகளோடு இருப்பவர், தம்முடைய அறிக்கையால் பிழைத்த நோயாளியைப் பார்ப்பதே இல்லை. அதை அவருக்குச் சொல்ல மேலாளருக்குச் செலவு ஒன்றும் ஆகாது.

ஆனால் இந்த ஆய்வுகளைக் காட்டிச் சம்பளத்தைக் குறைத்து மதிப்பிடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். நியாயமான ஊதியம் இல்லாத இடத்தில் வேலையின் அர்த்தத்தைப் பற்றிப் பேசுவது உழைப்பவரை அவமதிப்பதாகும். நாடெங்கும் சுகாதாரப் பணிக்காக வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளர்களைத் தன்னார்வலர்கள் என்று வகைப்படுத்தி, மாதச் சம்பளத்துக்குப் பதிலாக மதிப்பூதியமும் ஊக்கத்தொகையும் மட்டும் கொடுத்துவருகிறோம். அவர்களுடைய வேலையில் நிறைந்த அர்த்தம் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை, ஆனால் அந்த அர்த்தத்தைக் கொண்டு அரிசிக் கடையில் கணக்குத் தீர்க்க முடியாது.

தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 2021 முதல் 60 ஆக உள்ளது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே அடுத்த ஈடுபாட்டைத் தேடத் தொடங்குமாறு நான் சொல்கிறேன். கிளை நூலக வாசகர் வட்டமோ, குடியிருப்போர் சங்கக் கணக்கோ, மாலை நேரப் பாடமோ எதுவானாலும், அது வீட்டுக்கு வெளியே, குறித்த நேரத்தில் நடப்பதாகவும், அவர் ஒருநாள் வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. வேலை இழந்த இளைஞர் வீட்டில் இருந்தால், உறவினர் முன்னிலையில் அவரிடம் வேலை கிடைத்ததா என்று விசாரிக்காதீர்கள். விடியற்காலையில் எழும் வழக்கம் கலையாமல் பார்த்துக்கொள்ள உதவுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் குறைந்திருந்தாலோ, முன்பு விரும்பிய எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலோ, மது அருந்துவது கூடினாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிய பேச்சு ஒருமுறை எழுந்தாலும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம், பாதிக்கப்பட்டவர் தயங்கினால் வீட்டில் உள்ளவரே அழைக்கலாம்.