கலங்கரை விளக்கம்: கடல் இல்லாத சொல்

கிருஷ்ணகிரி அணைக்கரையில் பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தபோது, அண்ணன் மகன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். செங்குத்தான பாறை, அதன் உச்சியில் எண்கோணச் செங்கல் கோபுரம். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் நிற்கும் ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம். “கடலுக்குத்தானே சித்தப்பா இதெல்லாம், ஏரிக்கு எதற்கு?” என்றான்.

அந்த ஏரி தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். 1905 நவம்பர் புயலில் கப்பல்கள் பல சிதைந்த பிறகு கட்டி, 1910இல் விளக்கேற்றினார்கள். அது இருக்கட்டும், நம் சொல்லிலேயே கடல் கிடையாது.

கலம் + கரை + விளக்கம். கலம் என்பது மரக்கலம். கரை என்றதும் ஏரிக்கரை, ஆற்றங்கரைதான் நினைவுக்கு வரும். கலத்துக்குக் கரையைக் காட்டும் விளக்கு என்றே நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். இந்தக் கரை வினைச்சொல். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். அழைத்தல் என்று பொருள். பெரும்பாணாற்றுப்படை இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது: கூரை வேயாத உயர்ந்த மாடம், அதில் இரவில் மூட்டிய ‘இலங்குசுடர் ஞெகிழி’, அது ‘ஓடுகலம் கரையும் துறை’. தீக்கொள்ளி வாய் திறந்து கப்பலைக் கூப்பிடுகிறது!

விளக்கம் என்றால் இங்கே ஒளி. ‘விளக்கு’ என்று திருத்த முனைபவர்கள் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையைப் பார்க்கலாம். ‘கலங்கரை விளக்கமும்’ என்றே இருக்கிறது. இலங்கையில் வழங்கும் ‘வெளிச்சவீடு’ லைட்ஹவுஸின் நேர் பெயர்ப்பு. தவறில்லை, ஆனால் அந்த வீடு யாரையும் அழைப்பதில்லை.

ஸ்பிளிட் ராக் 1969இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றது. இடிக்காமல், 1920களில் இருந்த தோற்றத்துக்கே மீட்டுப் பராமரிக்கிறது மின்னசோட்டா வரலாற்றுச் சங்கம். பழைய கண்ணாடி வில்லை இன்னும் பாதரசத்தில் மிதந்து சுழல்கிறது. 1975 நவம்பர் 10 அன்று அந்த ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் 29 பேருடன் மூழ்கியது. ஆண்டுதோறும் அதே நாளில் பெயர்களைப் படித்து, மணியடித்து, விளக்கை ஏற்றுகிறார்கள்.

கரைதலுக்கு அகராதியில் இன்னொரு பொருளும் உண்டு: அழுதல்.