ஒரே பக்கத்தில் ஏழு கர்சர்

எங்கள் டீமில் ஒருவர் இருக்கிறார். ஆன்லைன் மீட்டிங் இழுத்துக்கொண்டே போனால், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிற பொதுப் பலகையில் தன் கர்சரை ஒரு மஞ்சள் சீட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார். பச்சை அம்பு, பக்கத்தில் அவர் பெயர். கொஞ்ச நேரத்தில் இன்னொரு அம்பு அதைத் துரத்த ஆரம்பிக்கும். பேசிக்கொண்டிருக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு, "சரி சரி, முடிச்சிடறேன்" என்பார். யாரும் வாயே திறக்கவில்லை, சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

பார்க்க வெட்டி விளையாட்டுதான். ஆனால் ஏழு பேர் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் கை வைத்தும் அது குழம்பாமல் இருக்கிறதே, அது எப்படி என்று தோண்டிப் பார்த்தால் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் வீடியோ கேமும் வெளியே வரும்.

முதலில் கணக்கு. "நாளை கூட்டம் உண்டு" என்று ஒரு வரி இருக்கிறது. நீங்களும் நானும் அதை ஒரே நொடியில் திருத்துகிறோம். நீங்கள் வரியின் தொடக்கத்தில் "எல்லாருக்கும்" என்று சேர்க்கிறீர்கள். நான் மூன்றாவது சொல்லை எடுத்துவிட்டு "இல்லை" என்று போடுகிறேன். (நிஜத்தில் மென்பொருள் எழுத்து எழுத்தாக எண்ணும், நமக்குச் சொல் போதும்.) "மூன்றாவது சொல்லை மாற்று" என்ற என் கட்டளை உங்கள் கணினிக்கு வந்து சேரும்போது, அங்கே மூன்றாவது சொல் "உண்டு" இல்லை, "கூட்டம்". கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் "எல்லாருக்கும் நாளை இல்லை உண்டு" என்று வரும். என் திரையிலோ "எல்லாருக்கும் நாளை கூட்டம் இல்லை" என்று ஒழுங்காக இருக்கும். ஒரே கோப்பு, ஆளுக்கொரு வாசகம்.

இதற்கு ஒரு தீர்வை 1989இல் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் என்ற இரண்டு பேர் எழுதினார்கள். வருகிற கட்டளையை அப்படியே நிறைவேற்றாதே, அது கிளம்பிய பிறகு இங்கே என்னென்ன நடந்தது என்று பார்த்து அதன் எண்ணைத் திருத்து. முன்னால் ஒரு சொல் நுழைந்திருக்கிறதா, அப்படியானால் மூன்று என்பதை நான்கு என்று படி. அவ்வளவுதான் சங்கதி. கேட்க எளிது, செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மூன்று நான்கு பேர் ஒரே இடத்தில் அழித்தும் சேர்த்தும் விளையாடும்போது எத்தனை விதமாகத் தப்பு நடக்கலாம் என்று. கூகுள் டாக்ஸ் இந்த வழியில் போகிறது. இன்னொரு கூட்டம், எண்ணே வேண்டாம், ஒவ்வொரு எழுத்துக்கும் மாறாத ஓர் அடையாளம் கொடுத்துவிடலாம் என்று கிளம்பியது. வரிசையில் எத்தனையாவது ஆளாக நின்றாலும் உங்கள் டோக்கன் எண் மாறாது இல்லையா, அந்த மாதிரி.

படம் வரையும் ஃபிக்மா இவ்வளவு மெனக்கெடுவதில்லை. ஒரு பெட்டியின் நிறத்தை நீங்களும் அகலத்தை நானும் மாற்றினால் இரண்டும் நிற்கும். இருவருமே நிறத்தை மாற்றினால் சர்வருக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது நிற்கும். பலர் சேர்ந்து திருத்தும் இந்த வசதியை 2016இல் அறிவித்தபோது, கேம் உலகத்து வார்த்தையையே எடுத்து மல்டிபிளேயர் என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் சும்மா வைத்ததில்லை. 1996இல் குவேக் என்ற கேமை ஆன்லைனில் ஆடியவர்கள் டயல்-அப் இணைப்பில் திண்டாடிப் போனார்கள். பட்டனை அழுத்தினால் அது சர்வருக்குப் போய், பதில் திரும்பி வந்த பிறகுதான் திரையில் கால் நகரும். அதே வருடக் கடைசியில் அந்த கேமின் நிரலாளர் ஜான் கார்மாக் ஒரு மாற்றம் செய்தார். சர்வர் சொல்லும்வரை காத்திருக்காதே, என்ன நடக்கும் என்று நீயே ஊகித்து உடனே நகர்ந்துவிடு, சர்வர் வேறு மாதிரிச் சொன்னால் அப்புறம் திருத்திக்கொள். இன்று பொதுக் கோப்பில் நீங்கள் தட்டும் எழுத்து உடனே தெரிவதும் இதே துணிச்சலில்தான். சர்வர் இன்னும் ஒப்புக்கொள்ளாத எழுத்தைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கர்சர்கள் தனிக் கதை. எழுத்து ஒன்றுகூடத் தொலையக் கூடாது, கர்சர் தொலைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதனால் அதன் இருப்பிடம் கோப்பில் சேமிக்கப்படுவதே இல்லை, நொடிக்குச் சில தடவை மட்டும் "இப்போது இங்கே இருக்கிறேன்" என்று போகும். நடுவில் இருக்கும் ஓட்டைகளை உங்கள் கணினியே வளைகோடு போட்டு நிரப்பிக்கொள்ளும். நண்பரின் பச்சை அம்பு வழுக்கிக்கொண்டு ஓடுவது பாதி அவர் கை, பாதி உங்கள் கணினியின் கற்பனை.

இந்த ஆசை பழையதும்கூட. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற கணினி ஆராய்ச்சியாளர், சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருந்த சகாவோடு ஒரே ஆவணத்தைப் பார்த்துப் பேசிக் காட்டினார், திரையில் இருவருக்கும் ஆளுக்கொரு கர்சர். அதை அவர்கள் 'பூச்சி' என்றே அழைத்தார்கள். 1990களில் கனடாவில் கார்ல் கட்வினும் சால் கிரீன்பெர்க்கும் இதையே ஆராய்ந்தார்கள். ஒரே மேசையில் வேலை செய்பவர்கள் அடுத்தவர் கை எங்கே போகிறது என்பதை ஓரக்கண்ணால் பார்த்தபடியே இருப்பார்கள், தூரத்தில் இருந்தால் அது போய்விடும், கர்சர் அதைக் கொஞ்சம் மீட்டுத் தரும்.

இதனால்தான் பாயின்ட், பேட்ஜ், வாரத்தின் நட்சத்திரம் என்று அலுவலகங்கள் கொண்டுவரும் விளையாட்டு எனக்குச் சுத்தமாகப் பிடிப்பதில்லை. அது வேலைக்கு மேல் ஒட்டிய ஸ்டிக்கர். கர்சரை ஓட்டுவது வேலையோடு சேர்ந்தே வருவது, யாரும் சுற்றறிக்கை அனுப்பி ஆரம்பிக்கவில்லை.

ஆனால் ஓரக்கண் இரண்டு பக்கமும் வேலை செய்யும். முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் மேலாளரின் ஊதாக் கர்சர் நான் எழுதும் வரியின் பக்கத்திலேயே வந்து நிற்கும். நகராது, சும்மா நிற்கும். எனக்கு ஒரு சொல் ஓடாது. கடைசியில் நோட்பேடில் தனியாக எழுதி, முழுப் பத்தியையும் ஒரே அடியாக ஒட்டப் பழகிக்கொண்டேன். மென்பொருளுக்கு அது ஒரே ஒரு 'சேர்' கட்டளை. மேலாளர் மட்டும், "இவ்வளவு வேகமா டைப் பண்ணுவீங்களா?" என்று ஒரு நாள் கேட்டார்.