சங்கு தமிழா வடசொல்லா, நம்ம பழைய பேரு என்ன?

சங்கு தமிழ்ச்சொல் கிடையாதுன்னு எங்க கடற்கரையில போய் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. தம் பிடிச்சு கடலடிக்குப் போய் சங்கு குளிக்கிற ஊருங்க, பிள்ளைக்கு சங்குல பால் புகட்டுற வீடுங்க, "அவனுக்கு சங்கு ஊதிட்டாங்க"ன்னு சொன்னா ஆள் போயிட்டான்னு அர்த்தம், இதுக்குப் போயி வடக்க இருந்து பேரு வந்துச்சான்னு கேப்பாங்க. எங்க பெரியம்மா மகன் கீழக்கரை பக்கம் சங்கு குளிக்கப் போறவரு, போன வாரம் அவரே கேட்டாரு, "ஏப்பா தம்பி, சங்கு சமஸ்கிருதமாம்ல, அப்ப அதுதான் மூத்த மொழின்னு வீடியோவுல ஒருத்தன் பேசுறான், நெசமா?" மொத பாதி நெசம்ணே, ரெண்டாவது பாதி நெசமில்லன்னு சொன்னேன். அதத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

சமஸ்கிருதத்துல இது 'ஶங்க', அந்தக் கடைசி க-வ மூச்சு விட்டு அழுத்திச் சொல்லணும். அதர்வ வேதம் 4ஆம் காண்டத்துலயே சங்க தாயத்தா கட்டிக்கிற பாட்டு ஒண்ணு இருக்கு. கிரேக்கத்துல சிப்பிக்கு 'கொங்கே', அதுல இருந்து லத்தீன் வாங்குனது 'கோங்கா', இந்த 'கொங்கே' ஶங்கவோட உறவுச் சொல்லு, அதனால இது இந்தோ ஐரோப்பியக் குடும்பத்துச் சொத்துன்னு பல மொழியியலாளர்கள் சொல்றாங்க. தமிழுக்கு வந்தப்ப அந்த மூச்செழுத்து போயிருச்சு, கடைசியில உகரம் ஒட்டிக்கிச்சு, சங்கு ஆயிருச்சு. தொல்காப்பியம் இதுக்கு வழி சொல்லியிருக்கு, "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" அப்டின்னு, அதாவது வடசொல்ல எடுத்துக்க, ஆனா அதோட எழுத்த விட்டுட்டு நம்ம எழுத்துல எழுதுன்னு. அதே தொல்காப்பியம் 'ச' அப்டிங்குற எழுத்து சொல்லுக்கு மொதல்ல வராதுன்னும் சொல்லுது, அந்த சூத்திரத்துக்குப் பாட பேதம் இருக்கு, அதனால அத மட்டும் வச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன், ஆனா சங்கு வெளிய இருந்து வந்ததுங்குறதோட அது ஒத்துப் போகுது.

அப்ப நம்ம ஆளுங்க அதுக்கு முன்னாடி என்ன சொன்னாங்க? வளை, கோடு, நந்து, பணிலம், வலப்பக்கம் சுழிச்சிருந்தா வலம்புரி. நான் அண்ணன்கிட்ட குறுந்தொகை 11ஆம் பாட்டத்தான் சொன்னேன், மாமூலனார் பாடுனது, "கோடீர் இலங்குவளை ஞெகிழ"ன்னு ஆரம்பிக்கும். கோடுன்னா சங்கு, ஈர்ன்னா அறுத்தல், சங்க அறுத்துச் செஞ்ச மினுங்குற வளையல் கை மெலிஞ்சு கழண்டு விழுதுன்னு தலைவி சொல்றா. அவன் இருக்குறது மொழி மாறிப் போற நாடு, "மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்" நான் அங்க போகத்தான் போறேன்னு கெளம்புறா. எந்த மொழி பெருசுன்னு அந்தப் பொண்ணு கேக்கல பாருங்க, மொழி தெரியாத நாடா இருந்தா என்ன, போறேங்குறா, எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

இன்னொண்ணு அகநானூறு 24. "வேளாப் பார்ப்பான் வாளரந் துமித்த வளை"ன்னு வரும். வேள்வி செய்யாத பார்ப்பான் அரத்த வச்சு சங்க அறுத்து வளையல் எடுக்குறான், எடுத்தது போக மிஞ்சுன தலப்பகுதி இருக்குல்ல, முறுக்கிக்கிட்டு கூம்பா, அது மாதிரி விரியாத பகன்றை மொட்டு இருக்குன்னு பாட்டு. சங்கு அறுக்குற பட்டறையில கீழ கெடக்குற வெட்டுத் துண்ட கையில எடுத்துப் பாத்தவங்களுக்குத்தான் இந்த உவமையோட அழகு புரியும், அப்டியே பூ மொட்டு மாதிரிதான் இருக்கும். வேதக் குடியில பொறந்தவன் அறுக்குறான், ஆனா பாட்டுல அந்தப் பொருளுக்குப் பேரு வளை.

முல்லைப்பாட்டு ஆரம்பத்துல திருமால் கையில "நேமியொடு வலம்புரி"ன்னு வரும், நேமி வடசொல், வலம்புரி தமிழ், ரெண்டும் ஒரே சாமி கையில பக்கத்துல பக்கத்துல இருக்கு.

கடலுக்கு மேல பேரு மாறுனாலும் சரக்கு மாறல. மன்னார் வளைகுடா சங்கு இங்க இருந்து வங்காளம் போகுது, அங்க கல்யாணமான பொம்பளைங்க போடுற வெள்ளை வளையலுக்குப் பேரு 'ஶாங்கா', சங்குல இருந்து வந்த பேரு. இங்க வளைன்னா சங்கு, வளைன்னா வளையலும். ரெண்டு ஊர்லயும் சங்கோட பேரத்தான் கைக்குப் போட்டுக்கிட்டாங்க. நம்ம வைகை முகத்துல அழகன்குளத்துல தோண்டுனப்ப தமிழி எழுத்து பொறிச்ச பானை ஓடு, ரோமானியக் காசோட சங்கு வளையல் துண்டும் கெடச்சுது, அப்பவே இது ஏவாரம்தான்.

இப்ப அண்ணனோட ரெண்டாவது பாதிக்கு வரேன். ஒரு சொல்ல கடன் வாங்குனதால வாங்குன மொழி சின்னதாயிரும்னா, சமஸ்கிருதமும் நம்மகிட்ட வாங்கியிருக்கே. ரிக் வேதத்துல மீனுக்கு 'மத்ஸ்ய'தான் இருக்கு, 'மீன' அங்க கெடையாது, அது பின்னாடி வருது, தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்குன்னு குடும்பம் பூரா மீன்தான், பர்ரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில அதப் பாக்கலாம். முத்தும் அப்டித்தான், 'முக்தா'ங்குறது முத்த சமஸ்கிருத உடுப்பு போட்டு நிக்க வச்சதுன்னு பல மொழியியலாளர்கள் சொல்றாங்க. சங்கு அங்க இருந்து இங்க, மீனும் முத்தும் இங்க இருந்து அங்க, மூணும் ஒரே கடல்ல கெடைக்கிற சரக்கு!

1816ல எல்லிசும் 1856ல கால்டுவெல்லும் திராவிடக் குடும்பம் தனின்னு காட்டிட்டாங்க, சமஸ்கிருதமும் தமிழும் தாயும் மகளுமில்ல, ரெண்டு வேற குடும்பம். ரிக் வேதம் கி.மு. 1500ல இருந்து 1000க்குள்ளன்னு பொதுவா சொல்றாங்க, வாயால வந்தது. கல்லுல எழுதுனதப் பாத்தா மாங்குளம் தமிழிக் கல்வெட்டு கி.மு. காலத்துது, நீளமான சமஸ்கிருதக் கல்வெட்டுக்கு ஜூனாகத்துல கி.பி. 150 வாக்குல ருத்ரதாமன் காலத்துக்கு வரணும். வாய்மொழிய எடுத்தா ஒரு பதில், கல்ல எடுத்தா வேற பதில், சண்டை போடுறவங்க ஆளுக்கு ஒரு அளவுகோல எடுத்துக்கிறாங்க. தமிழ் பழமைக்கு சங்கு தமிழ்னு பொய் சொல்லத் தேவையே இல்ல, வளைன்னு ஒரு சொல்லு போதும்.

அப்ப இனிமே சங்க வளைன்னு மாத்திரலாமான்னு அண்ணன் கேட்டாரு. எனக்கு அது சரியா படல. கரையில நின்னு வளைன்னா நண்டு வளையத்தான் காட்டுவாங்க, சங்கு நம்ம வாயில ஊறிப் போச்சு, "சங்கு சுட்டாலும் வெண்மை தரும்"னு ஔவையே பாடியாச்சு. ஆனா பாடஞ் சொல்லிக் குடுக்கும்போது வளை, கோடு, வலம்புரி மூணையும் சேத்துச் சொல்லணும், சங்குக்கு வேற தமிழ்ப்பேரு கெடையாதுன்னு ஒரு பிள்ளையும் நெனைக்கக் கூடாது.

அடுத்த மாசம் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. "அந்த வளையும் இதுதானா"ன்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. இப்ப அவரே எடுத்த சங்கு ஒண்ண ராமேஸ்வரத்துல அறுக்கக் குடுத்துருக்காரு, கண்ணாடி வளையலுக்கு முன்னாடி மொதல்ல அதத்தான் போடணுமாம்.