சலவைத்தூளில் நீலப் புள்ளிகள் எதற்கு?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சலவைத்தூளில் நீலமும் பச்சையுமாகக் கிடக்கும் புள்ளிகள்தான் அழுக்கை எடுக்கின்றனவா? விளம்பரத்தில் அப்படித்தான் காட்டுகிறார்கள்."

பெரும்பாலும் இல்லை. சோடியம் சல்ஃபேட் அல்லது சலவைச் சோடாக் குருணையில் சாயம் ஏற்றிக் கலந்திருப்பார்கள். பருத்தியில் ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடும் சாயம் என்பதால் வெள்ளை வேட்டியில் கறை விழாது.

ஆனால் சில தூள்களில் அந்தப் புள்ளிக்குள் என்சைம் இருக்கும். பேசில்லஸ் வகை பாக்டீரியாக்களை வளர்த்து எடுக்கும் புரதம் அது. புரோட்டியேஸ் என்றால் ரத்தம், பால், முட்டைக் கறைகளை வெட்டும். அமைலேஸ் என்றால் கஞ்சிக் கறையை.

அதை ஏன் தனிக் குருணையாக்க வேண்டும்? சலவைத்தூளைக் கூழாகக் கரைத்து, உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து சூடான காற்றில் பீய்ச்சி உலர்த்துகிறார்கள். அந்தச் சூட்டில் என்சைம் பிழைக்காது. அதனால் தூள் ஆறிய பிறகுதான் சேர்க்க முடியும். முதலில் வெறும் பொடியாகவே சேர்த்தார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்ததை 1969இல் பிரிட்டன் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகுதான் உறை வந்தது.

இந்த உறைதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சீரக மிட்டாய் செய்வதுபோல, நடுவில் ஒரு சிறு மணி, அதன்மேல் என்சைம், அதற்கும் மேல் மெழுகு போன்ற பாலிமர் என்று அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். சில குருணைகளில் அந்த மேல் உறைக்கே நிறம் கொடுப்பார்கள். லாரியில் குலுங்கி, கடையில் மாதக்கணக்கில் கிடந்து, காரத்துக்கும் வெளுப்பானுக்கும் நடுவே இருந்தாலும் உறை உதிரக் கூடாது. வாளித் தண்ணீரில் விழுந்ததும் சில நிமிடங்களில் கரைந்து வழிவிட வேண்டும். இரண்டையும் ஒரே உறை செய்கிறது! இதற்குப் பின்னால் எத்தனை பேருடைய ஆய்வக உழைப்பு!

நம் ஊர் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அதனால் நுரை வரவில்லையென்று இன்னொரு கரண்டி தூளைக் கொட்டுகிறோம். கடைசியில் பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரியில் நுரையாகப் பொங்குவதில் அதுவும் சேர்த்தி. அந்த நுரையை இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

என்சைம் தூளில் கொதிநீர் ஊற்ற வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறினால் போதும். பட்டுப்புடவையையும் கம்பளிச் சால்வையையும் மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள். அவையும் புரதம்தான், புரோட்டியேஸ் அவற்றையும் அரிக்கும்.